பிஷப்புக்கு ஒரு புகார் மனு: பழைய கல்லூரி நிர்வாகக் கடிதங்களை ரசிப்பது எப்படி?

கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி என்றால் நம்மவர்களுக்கு ராமானுஜன் நினைவுக்கு வருவார். 1918இல் அவரை ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் கல்வி உறுப்பினராக, எடுத்துக்கொண்ட கல்லூரி அது. அவருடைய தொலைந்துபோன நோட்டுப் புத்தகம் 1976இல் கிடைத்ததும் அங்குள்ள ரென் நூலகத்தில்தான். அவர் அங்கே போவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே கல்லூரியில் ஒரு சண்டை நடந்தது. ஏறத்தாழ முப்பது வருடம் இழுத்த சண்டை. அதன் மனுக்கள், பதில்கள், கேள்விப் பட்டியல்கள், தீர்ப்பு நகல்கள் எல்லாம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

நிர்வாகக் கடிதம் என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். பார்வை எண், பொருள், மேற்படி விஷயம் என்று நகரும் காகிதத்தில் என்ன ருசி இருந்துவிடப் போகிறது? இருக்கிறது. கடிதம் எதைச் சொல்கிறது என்பதோடு நிற்காமல், எழுதியவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று துருவத் தொடங்கினால், கிளார்க்கின் மேஜைக் காகிதமும் நாவல் போல ஓடும். டிரினிட்டி சண்டை அதற்கு நல்ல பயிற்சிக்களம்.

நாயகன், அல்லது வில்லன், ரிச்சர்ட் பென்ட்லி. 1700 பிப்ரவரியில் மாஸ்டராக, அதாவது கல்லூரித் தலைவராக, பொறுப்பேற்றார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கிரேக்க, லத்தீன் புலமையில் அவருக்கு இணை இல்லை. ஃபலாரிஸ் என்ற பண்டைய கொடுங்கோலன் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் பிற்காலத்துப் போலி என்று நிறுவிப் புகழ் பெற்றவர் அவர். அடுத்தவர் கடிதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத் தன் மேல் வரும் புகார்க் கடிதத்தை எப்படிப் படிக்கத் தெரிந்திருக்கும்! போதாக்குறைக்கு, அவர் படித்தது பக்கத்து வீட்டுப் போட்டியாளரான செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில். வந்த அன்றே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கும்.

இந்த மாதிரிக் காகிதம் கையில் கிடைத்தால் உள்ளடக்கத்துக்கு முன் பெறுநர் முகவரியைப் பாருங்கள். 1710 தொடக்கத்தில் டிரினிட்டியின் ஃபெல்லோக்கள் பென்ட்லி மீது மனுப் போட்டார்கள். முன்னின்றவர் வழக்கறிஞரான எட்மண்ட் மில்லர் என்ற ஃபெல்லோ. மனு போனது ஆன் அரசிக்கோ நீதிமன்றத்துக்கோ அல்ல, ஈலி நகரத்து பிஷப் ஜான் மூருக்கு. காரணம், எலிசபெத் அரசி காலத்துக் கல்லூரிச் சட்டத்தின் 40ஆம் விதி. மாஸ்டரை விசாரிக்கும் அதிகாரத்தை அது ஈலி பிஷப்புக்குக் கொடுக்கிறது என்பது அவர்கள் வாதம். கல்லூரியை 1546இல் நிறுவியவர் எட்டாம் ஹென்றி. ஆகவே மேற்பார்வை அரச பீடத்துக்கே உரியது என்பது பென்ட்லியின் பிந்தைய வாதம். அதாவது, ‘பெறுநர்’ என்ற ஒரு வரியே பாதி வழக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1710இல் பென்ட்லி தன் தரப்பை ஒரு நீண்ட கடிதமாக எழுதி அச்சிட்டு வெளியிட்டார். டிரினிட்டி கல்லூரியின் இன்றைய நிலை என்பது அதன் தலைப்பு. யாருக்கு எழுதினார்? அதே ஈலி பிஷப்புக்குத்தான். சில மாதம் கழித்து, பிஷப்புக்கு என்னை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று அரசிக்கு மனுப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் சுகமே தனி.

அடுத்து, பொருள்களைப் பாருங்கள். ஃபெல்லோக்கள் பிஷப்பிடம் கொடுத்த குற்றச்சாட்டுகள் மொத்தம் 54. எல்லாம் மாஸ்டரை நோக்கிய கேள்வி வடிவில். அதில் ஒன்று கல்லூரி ரொட்டி, பீர், நிலக்கரி, விறகு, துணி, பாத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போய், இவற்றையெல்லாம் ஏன் விரயம் செய்தீர் என்று கேட்கிறது. ஒரு பெரிய கல்லூரியின் சமையற்கட்டும் பண்டகசாலையும் அந்த ஒரு கேள்வியில் கண்முன் வந்து நிற்கின்றன. வரலாற்றுப் புத்தகம் எதுவும் இதைத் தராது. பென்ட்லி தன் இல்லத்தில் கட்டிய புது மாடிப்படியும் பட்டியலில் உண்டு: மூத்த ஃபெல்லோக்களின் சம்மதம் இல்லாமல் கட்டிவிட்டுச் செலவைக் கல்லூரி தலையில் வைத்தார் என்பது புகார். எதிர்த்துப் பேசிய பர்சரை (கல்லூரிப் பொருளாளரை) கிராமத்துக்கு அனுப்பி வான்கோழி மேய்க்க விடுவேன் என்று மிரட்டினார் என்றும் எதிர்த்தரப்பு சொன்னது.

பீருக்காக யாரும் பிஷப்பிடம் போவதில்லை. கல்லூரி நிலங்களிலிருந்து வரும் வருமானத்தில் செலவு போக மிஞ்சியதை மாஸ்டரும் ஃபெல்லோக்களும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பங்கீட்டு முறையை மாற்றப் பென்ட்லி ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதில் அவர் பங்கு தாராளமாகவே உயர்ந்தது. பொறி விழுந்தது அங்கேதான். சில்லறைப் புகார்கள் நீளமாக அடுக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே பெரிய தொகை ஒன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

அதற்காக ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பென்ட்லியின் பதிலில் வீம்பும் வசையும் நிறைய; சொல்லிக்காட்டச் சாதனைகளும் இருந்தன. பர்சர்கள் கல்லூரி மரத்தைத் திருடப் பயன்படுத்திய சாமான் கிடங்கைத் தான் அழகான வேதியியல் கூடமாக மாற்றியதாக எழுதுகிறார். ஒரே வாக்கியத்தில் தற்பெருமையும் திருட்டுக் குற்றச்சாட்டும்! அந்தக் கூடம் விகானி என்ற இத்தாலியருக்குக் கிடைத்தது. கல்லூரியின் பெரிய வாயிலின் மேல் இளம் வானியல் பேராசிரியர் ரோஜர் கோட்ஸுக்காக ஆய்வுக்கூடம் எழுப்பவும் பென்ட்லி முன்னின்றார்.

இந்தக் கோட்ஸ்தான் நியூட்டனின் பிரின்சிபியா நூலின் 1713ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைச் சரிபார்த்தவர். பதிப்புக்கு ஏற்பாடு செய்தவர் பென்ட்லி. அதற்காக நியூட்டனும் கோட்ஸும் எழுதிக்கொண்ட கடிதங்களை 1850இல் எடில்ஸ்டன் தொகுத்து அச்சிட்டார். புகார் மனுக்களோடு அவற்றையும் சேர்த்துப் படிப்பது நல்லது. அதே கல்லூரி, அதே வருடங்கள். ஒரு பக்கம் விறகுக் கணக்கு, இன்னொரு பக்கம் கோள்களின் கணக்கு.

தேதிகளில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் 1709/10 என்று இரட்டை வருடம் இருக்கும். இது தெரியாமல் படித்தால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து குழப்பும்.

தேதி சில நேரம் கதையையே திருப்பிவிடும். 1714இல் லண்டனில் ஈலி இல்லத்தில் விசாரணை நடந்தது. தீர்ப்புச் சொல்லுமுன், ஜூலை 31 அன்று, பிஷப் மூர் இறந்தார். மறுநாள் ஆன் அரசியும் இறந்தார். பென்ட்லியைப் பதவி நீக்கும் தீர்ப்பின் வரைவு பிஷப்பின் காகிதங்களுக்கிடையே இருந்தது. இத்தகைய காகிதக் கட்டுகளில் அனுப்பப்படாத தாளுக்குத்தான் முதல் மரியாதை தரவேண்டும்.

1717இல் இன்னொரு வம்பு. டாக்டர் பட்டம் வாங்கியவர்களிடம் பென்ட்லி ஆளுக்கு 4 கினி (தங்க நாணயம்) கூடுதலாகக் கேட்டார். அவர்களில் ஒருவரான கான்யர்ஸ் மிடில்டன் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். பல்கலைக்கழகம் மறு வருடம் பென்ட்லியின் தரப்பைக் கேட்காமலே அவர் பட்டங்களைப் பறித்தது. 1724இல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்ற உத்தரவால் திரும்பக் கொடுத்தது. கடவுள்கூட ஆதாமைக் கேட்காமல் தண்டிக்கவில்லை என்று நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ சொன்னது இந்த வழக்கில்தான். இயற்கை நீதி பற்றிப் பேசும் இந்தியத் தீர்ப்புகளிலும் அது எடுத்தாளப்படுகிறது. நாலு கினித் தகராறு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

கடைசியாக, பதில் வராத கடிதங்கள். 1734 ஏப்ரலில் அடுத்த பிஷப்புகளில் ஒருவரான தாமஸ் கிரீன் பென்ட்லியைப் பதவி நீக்கித் தீர்ப்பளித்தே விட்டார். நிறைவேற்ற வேண்டியவர் துணை மாஸ்டர். அந்தப் பதவிக்கு வந்து சேர்ந்தவரோ பென்ட்லியின் ஆத்ம நண்பர் ரிச்சர்ட் வாக்கர். உத்தரவு வந்தது, வாக்கர் அசையவில்லை. வழக்கு மேல் வழக்குப் போட்டும் பயனில்லை. 1738இல் பிஷப் கிரீன் காலமானார். 1742இல் தன் 80ஆம் வயதில் பென்ட்லி இறந்தபோதும் அவர்தான் மாஸ்டர். கோப்பைக் கிடப்பில் போடுவதில் வாக்கரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரே பிற்பாடு கேம்பிரிட்ஜுக்குத் தாவரவியல் தோட்டம் அமைக்க நிலம் வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் ஜெப் 1882இல் எழுதிய சிறிய பென்ட்லி வரலாற்றைப் படிக்கலாம். பிறகு மங்க்கின் 1830ஆம் ஆண்டுப் பெரிய நூல். மனுக்களும் கடிதங்களும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. மங்க்கும் டிரினிட்டிக்காரர், பென்ட்லியிடம் கடுமையாகவே நடந்துகொள்வார். அந்த நூலுக்கு மதிப்புரை எழுதிய டி குவின்ஸி பென்ட்லி பக்கம் நின்று வாதாடினார். இருவரையும் கேட்டுவிட்டு, மூலக் கடிதங்களுக்குப் போய் நீங்களே நீதிபதியாக உட்காருங்கள்.