அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

2000ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று ஜேம்ஸ் டூலி என்கிற ஆங்கிலேயக் கல்வியாளர் ஹைதராபாத் சார்மினார் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனார். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்துக்காக, வசதியானவர்கள் படிக்கும் தனியார் பள்ளிகளை ஆராய வந்தவர் அவர். பழைய நகரத்துச் சந்துகளில் கண்டதோ வேறு. ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னச் சின்னத் தனியார் பள்ளிகள். மாதக் கட்டணம் அறுபது, நூறு ரூபாய். 2009இல் வந்த ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற அவருடைய புத்தகம் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு லாகோஸின் மக்கோகோ, நைரோபியின் கிபெரா, கானா, சீனாவின் கான்சு மலைக்கிராமங்கள் என்று அலைகிறார். ‘ஏழைகளுக்குத் தனியார் பள்ளியா? இங்கே அப்படி எதுவும் கிடையாது’ என்று அதிகாரிகள் கை விரிப்பார்கள். இவர் இறங்கி நடப்பார், அடுத்த தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கும். புத்தகத்தின் உயிர் இந்த நடையில்தான் இருக்கிறது. ஏழைப் பெற்றோர் ஏமாளிகள் இல்லை, பார்த்து, விசாரித்து, யோசித்துத்தான் காசு கட்டுகிறார்கள் என்பதை இவ்வளவு மரியாதையோடு சொன்ன கல்வியாளர்கள் குறைவு. அந்த அளவில் எனக்கு டூலியைப் பிடிக்கும்.

என் சண்டை வேறு இடத்தில். இந்தப் பள்ளிகள் எப்படி இவ்வளவு மலிவாக நடக்கின்றன?

ஆந்திரக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவுகளின்படி தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. இந்தியில் இவர்கள் முன்னே இருந்தார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளி செய்த செலவு அரசு செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டூலி போன்றவர்கள் இதைச் சந்தையின் திறமை என்பார்கள். மென்பொருள்காரனான எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. செலவு குறைந்தது என்று யாராவது சொன்னால் எந்த வரியில் குறைந்தது என்று தேடுவது தொழில் புத்தி. பள்ளிக்கூடத்தின் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். பெரும்பாலும் குறைந்திருப்பதும் அந்த வரிதான்.

அந்த வரி எனக்குத் தெரிந்த வரி. என் அம்மா எங்கள் ஊரில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருஷம் டீச்சர். கையெழுத்துப் போட்ட தொகை ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. ‘நாப்பத்தஞ்சு பிள்ளைங்கடா. பேரு தெரியாத பிள்ளை ஒண்ணுகூட இல்ல. சம்பளத்த மட்டும் கேக்காத’ என்பார். பள்ளி நன்றாகத்தான் நடந்தது. அதில் படித்த பிள்ளைகள் நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். அந்தக் ‘குறைந்த கட்டணக் கல்வி’க்கு மானியம் கொடுத்தது அரசும் இல்லை, முதலீட்டாளரும் இல்லை. எங்கள் வீடு.

புத்தகத் தலைப்புக்கும் ஒரு கதை உண்டு. 1931இல் லண்டனில் காந்தி பேசிய பேச்சில், இந்தியாவின் பழைய கல்வியை ஆங்கிலேயர்கள் அழித்துவிட்ட அழகான மரம் என்றார். தரம்பால் அதையே 1983இல் தன் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அவருடைய முக்கியச் சான்று, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டு வாங்கிய கலெக்டர் அறிக்கைகள். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. டூலி பெருமையோடு சுட்டுகிற அறிக்கைகள் இவை. எனக்கோ 1826இல் மன்றோ எழுதிய குறிப்பின் வேறொரு இடம்தான் மனதில் நிற்கிறது. ஆசிரியர்கள் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, தகுதியானவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்கிறார். மரம் செழித்திருந்த காலத்திலும் தண்ணீர் ஊற்றியவருக்குக் கூலி அவ்வளவுதான்.

முதலீட்டாளர் வரும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. ஏழைகளின் பள்ளிகள் முதலீட்டுக்கான புதிய எல்லை என்று வாதிட்ட கட்டுரைக்காக டூலி 2006இல் சர்வதேச நிதிக் கழகமும் ஃபைனான்ஷியல் டைம்ஸும் நடத்திய போட்டியில் முதல் பரிசு பெற்றார். அந்த எல்லையில் பெரிதாக வளர்ந்தது கென்யாவில் தொடங்கிய பிரிட்ஜ் நிறுவனம். ஸக்கர்பெர்க், கேட்ஸ் பணமெல்லாம் வந்தது. தலைமையகத்தில் எழுதிய பாடத்தை டீச்சர் டேப்லெட்டைப் பார்த்து அப்படியே சொல்ல வேண்டும். 2016இல் உகாண்டா அரசு இந்தப் பள்ளிகளை மூடச் சொன்னது. 2022இல் சர்வதேச நிதிக் கழகமும் வெளியேறியது. அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் சகாக்களும் வெளியிட்ட கென்ய ஆய்வு, அங்கே பிள்ளைகள் நிஜமாகவே அதிகம் கற்றார்கள் என்றது. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. எழுதிக்கொடுத்த பாடம் வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்யச் செய்ய, டீச்சர் யாராக இருந்தாலும் சரி என்றாகிறது. யாராக இருந்தாலும் சரி என்கிற வேலைக்கு யார் நல்ல சம்பளம் கொடுப்பார்கள்?

டூலியைப் படியுங்கள். அரசுப் பள்ளி என்றாலே நியாயம், தனியார் என்றாலே கொள்ளை என்கிற நம் சோம்பேறித்தனத்தை அவர் உடைக்கிறார். படிக்கும்போது ஒவ்வொரு பள்ளியிலும் கட்டணம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வீர்கள். பக்கத்தில் டீச்சர் சம்பளத்துக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் பணம் போட வருகிறவர்களும் முதல் பக்கத்திலேயே அந்தக் கட்டத்தை நிரப்பிக் காட்டட்டும். பிறகு இது சீர்திருத்தமா என்று பேசலாம்.