தங்கவயல் சர்க்கிளும் லேன் பாடமும்

கோலார் தங்கவயலில் நாலு சாலை கூடுகிற இடமெல்லாம் சர்க்கிள்தான். தமிழ்நாட்டில் ரவுண்டானா என்று சொன்னால் நடுவில் வட்டமான திட்டு ஒன்று இருந்தாக வேண்டும். நாங்கள் பெங்களூரு வழக்கைப் பிடித்துக்கொண்டவர்கள். நடுவில் திட்டு இருந்தாலும் சர்க்கிள், விளக்குக் கம்பம் மட்டும் நின்றாலும் சர்க்கிள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சர்க்கிள். ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஏறி 'சூரஜ்மல் சர்க்கிள்' என்றால் போதும், வேறு அடையாளம் வேண்டாம். இந்தப் பெயர்ப் பழக்கத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வட்டம் இருக்கிறதா இல்லையா, இருந்தால் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் வண்டியை எந்தப் பக்கம் ஒதுக்கி நுழைய வேண்டும் என்பது முடிவாகிறது. ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் அரைகுறையாகச் சொல்லிவிடப்படும் இந்த லேன் பாடம் எங்களைப் போன்ற ஊருக்கு எவ்வளவு பொருந்தும்?

பாடம் இதுதான். நம் நாட்டில் வட்டத்தைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறோம். முதல் சாலையிலேயே இடப்பக்கம் திரும்புகிறவர் வெளி லேனில், அதாவது இடது ஓரத்தில் நுழைந்து அப்படியே வெளியேற வேண்டும். வலப்பக்கம் போகிறவரும், வந்த சாலைக்கே திரும்புகிறவரும் வலது இண்டிகேட்டர் போட்டு, திட்டை ஒட்டிய உள் லேனில் நுழைய வேண்டும். தான் இறங்க வேண்டிய சாலைக்கு முந்தின சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டருக்கு மாற்றி, வெளி லேனைப் பார்த்து விலகி வெளியே வர வேண்டும். நேராகப் போகிறவர் பெரும்பாலும் இடது லேன். லேனுக்கு அம்புக்குறி வரைந்திருந்தால் அம்பு சொல்வதே முடிவு.

இதன் பலம் என்ன? சுரங்க ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை இயக்கும் வைண்டிங் இன்ஜினை ஓட்டுகிறவருக்குக் கீழே கேஜில் யார் ஏறுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மணி. இத்தனை மணி அடித்தால் இது என்று கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் ஒன்றுபோல் அறிந்திருந்தார்கள். அதை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள் கேஜில் ஏறினார்கள். சர்க்கிளில் பிடிக்கும் லேனும் அப்படி ஒரு மணிதான். 'நான் இங்கே இறங்கப் போகிறேன்', 'நான் இன்னும் சுற்றப் போகிறேன்' என்று வாய் திறக்காமல், ஹாரன் அடிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியதில்லை. நல்ல விதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மணி அடிப்பவருக்கு மட்டும் குறி தெரிந்து, கேட்பவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? லேன் விதியின் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

உள் லேனில் இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் வெளி லேனைக் கடந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் வெளி லேனில் ஒருவர் இறங்காமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டு வண்டிகளும் ஒரே இடத்துக்கு வருகின்றன. விதியை மதித்து உள்ளே போனவர்தான் அப்போது மாட்டிக்கொள்கிறார். ஓரமாகவே ஊர்ந்து, எல்லாச் சாலைகளையும் தாண்டி, ஓரமாகவே இறங்குகிறவர் தப்பிக்கிறார். எங்கள் ஊரில் அதிகாலை ரயிலுக்கு ஸ்டேஷனைப் பார்த்து விரையும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான் பிடிக்கின்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போகும். அந்த அவசரத்தில் இருப்பவரிடம் 'உள் லேனில் போய்ச் சுற்றி வா' என்று சொல்வதற்கு முன், அவர் ஏன் ஓரத்தை விடுவதில்லை என்று யோசிக்க வேண்டும். அவர் இரண்டு சக்கரத்தில் இருக்கிறார். உள்ளே போனால் வெளியே வரும்போது லாரிக்கும் பஸ்ஸுக்கும் குறுக்கே வர வேண்டும். ஓரத்தில்தான் அவருக்கு உயிர் பத்திரம்.

இந்த விதி ஊறிப்போன பிரிட்டனே இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. அங்குள்ள சாலை விதிநூல், சைக்கிளில் வருபவர் வலப்பக்கம் போவதானாலும் இடது லேனிலேயே சுற்றலாம் என்று விலக்குக் கொடுத்து, மற்ற ஓட்டுநர்கள் அதற்கு இடம் விட வேண்டும் என்கிறது. அங்கே அது சிறுபான்மைக்குத் தந்த விலக்கு. நம் நாட்டில் பதிவான வண்டிகளில் நான்கில் மூன்று பங்குக்கு அருகே இரு சக்கர வண்டிகள். விலக்குக்குரியவர்களே பெரும்பான்மையாக இருக்கும் சாலையில் விதி எதைப் பிடித்து நிற்கும்? அகலக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு லேனுக்கு நம் நாட்டு அளவு 3.5 மீட்டர். ஒரு காருக்கு அது சரி. ஸ்கூட்டர்கள் அதே அகலத்தில் மூன்று வரிசையாக நுழைந்துவிடும். அந்த மூன்றில் எது உள் லேன், எது வெளி லேன்? கோடும் இல்லாத சர்க்கிளில் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். லேன் இரண்டாவது பாடம். முதல் பாடத்தை நாம் விட்டுவிட்டோம்.

பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக வட்டச் சந்திப்புகள் இருந்தும், நெரிசல் நேரத்தில் அவை இறுகிப் பூட்டிக்கொள்ளும். நுழைகிறவர்கள் சுற்றுகிறவர்களை அடைத்துவிடுவார்கள், சுற்றுகிறவர்கள் வெளியேற முடியாமல் நிற்பார்கள். 1966-இல் ஒரே ஒரு விதி வந்தது: நுழைகிறவர், வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அதன் பிறகுதான் வட்டங்கள் ஓடத் தொடங்கின. நமக்கும் இது புதிதல்ல. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே, பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடச் சொன்னன. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை, வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றுகிற வண்டிக்கே முன்னுரிமை என்கிறது. ஆனால் கே.ஏ. 08 எண் போட்ட வண்டியோடு லைசென்ஸுக்குப் போகிற பையனிடம் கேளுங்கள். எட்டு போடுவதற்கு எத்தனை நாள் பழகினான் என்று சொல்வான். சர்க்கிளில் யாருக்கு நிற்க வேண்டும் என்று கேட்டால், பெரிய வண்டிக்கு என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

வட்டத்தின் பயனையும் மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் 24 சந்திப்புகளை வட்டமாக மாற்றிப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. காயம் ஏற்படும் விபத்துகள் 76 விழுக்காடு குறைந்ததாக அது கண்டது. நேருக்கு நேரும் செங்குத்தாகவும் மோதுவது போய், சாய்வாக, மெதுவாக உரசுவதோடு நின்றுவிடுவதே காரணம். சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரே லேன் உள்ள வட்டத்தில் அது 8. லேன் இரண்டானால் இந்தப் புள்ளிகள் மறுபடியும் கூடுகின்றன, விபத்துக் குறைவின் அளவும் சுருங்குகிறது. வட்டம் தருகிற பாதுகாப்பில் பெரும்பங்கு ஒற்றை லேனில்தான் இருக்கிறது என்று இதற்குப் பொருள்.

வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, 'அங்கே எல்லாரும் லேன் பிடித்துத்தானே ஓட்டுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் முடியாது?' என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அங்கே கோடு இருக்கிறது, நுழைவதற்கு முன்பே பலகை இருக்கிறது, மீறினால் அபராதம் இருக்கிறது. அவ்வளவு இருந்தும் நெதர்லாந்துக்காரர்கள் ஓட்டுநரின் நினைவை நம்பவில்லை. 1990-களில் அவர்கள் வகுத்த 'டர்போ' வட்டத்தில், நுழைவதற்கு முன்பே லேனைத் தேர்ந்துவிட வேண்டும். உள்ளே லேன்களுக்கு நடுவில் சிறு கட்டை எழுப்பியிருப்பார்கள், மாற முடியாது. பெரிய சந்திப்புக்கு அது நல்ல வழி. வண்டிகள் மிகுந்துவிட்டால் எந்த வட்டமும் தாங்காது என்பதும் உண்மை. சென்னையில் ஜெமினி சந்திப்பு 1973-இலும் கத்திப்பாரா 2008-இலும் மேம்பாலமானது அதனால்தான். தங்கவயலுக்கு அந்த நெருக்கடி இல்லை. சமீப ஆண்டுகளில் கோயம்புத்தூரில் லாலி ரோடு போன்ற இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா அமைத்ததைப் போல, நடுத்தர ஊர்களுக்கு வட்டம் இன்றும் பொருந்துகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நெடுஞ்சாலையோரப் பெரிய வட்டங்களுக்கு லேன் விதி வேண்டும், அங்கே கோடும் அம்பும் இல்லாமல் அதைச் சட்டமாக்குவது வீண். ஊருக்குள் இருக்கும் சர்க்கிள்களுக்கு அது வேண்டாம். நுழைவைக் குறுக்கி ஒரே லேனாக்குங்கள். நடுவில் கொடிக்கம்பமும் பேனரும் பார்வையை மறைக்க விடாதீர்கள். ஒவ்வொரு சாலையும் வட்டத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் நிறுத்தக் கோடு ஒன்று போடுங்கள். ராபர்ட்சன்பேட்டை நகரசபை பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை இது. அது நடக்கும்வரை, காலை ரயிலுக்குப் போகும் என் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சர்க்கிளுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரே ஒருமுறை வலப்பக்கம் பாருங்கள். அங்கிருந்து வண்டி வந்தால் அது போகட்டும், பிறகு நுழையுங்கள்.