தாளை மாற்றினால் கை தேறாது

நீர்வண்ணம் பழகுகிறவர்களிடம் இப்போது இரண்டு நேர்த்திக்கடன்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தினமும் ஒரு படம் போட்டாக வேண்டும். போடும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாக வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், கண்டாச்சிபுரம் பக்கத்தில் தூரிகை பிடிக்கிற பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. திங்கட்கிழமை சித்ரபட் தாள், செவ்வாய்க்கிழமை பிரஸ்ட்ரோ, புதன்கிழமை ஃபேப்ரியானோ, கையில் காசு புரளும் மாதத்தில் ஆர்ஷ். ஏன் இப்படி என்று கேட்டால், சோதித்துப் பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது என்று திருப்பிக் கேட்கிறார்கள். டிராயிங் மாஸ்டர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடு இல்லை.

தினப் பழக்கத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. வெள்ளைத் தாளைக் கண்டு மிரளும் பயம் போகிறது; தூரிகையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது விரலுக்குத் தெரிய வருகிறது. தாளின் முக்கியத்துவமும் உண்மைதான். சார்ட் பேப்பரில் பழகும் பிள்ளை, வண்ணம் திட்டுத் திட்டாக நிற்பதைப் பார்த்துத் தனக்குக் கலை வராது என்று ஒதுங்கிவிடும். அதே பிள்ளையிடம் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் ஒன்றைக் கொடுத்தால் அந்த எண்ணம் ஒரே நாளில் மாறும். ஆக, இரண்டு மூன்று தாள்களை ஒருமுறை ஒப்பிட்டு, கைக்கும் பைக்கும் ஒத்துவருவதைத் தேர்ந்துகொள்வதில் குற்றமில்லை. தேர்ந்த பிறகும் நிற்காமல் ஓடுவதில்தான் கோளாறு.

சோதனை என்பதற்கு எளிய இலக்கணம் ஒன்று உண்டு. ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, போடுகிறோம். பாதி காய்ந்த நிலையில் நடுவே ஓரம் பிசிறிய கறை ஒன்று விரிகிறது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். தூரிகையில் தண்ணீர் கூடியிருக்கலாம். பொறுக்காமல் மறுபடியும் தொட்டிருக்கலாம். தாளின் சைஸிங், அதாவது நீரை உடனே உறிஞ்சவிடாத பசை, பலவீனமாக இருக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கலாம். நேற்றும் இதே தாளில் வரைந்தவர், தாள் காரணமல்ல என்று ஒன்றையாவது அடித்துவிட்டு மற்றவற்றைத் தேடுவார். நேற்று ஒரு தாள், இன்று ஒரு தாள் என்று வரைபவரால் எதையும் அடிக்க முடியாது. அவர் தாளைக் குறை சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். இதைச் சோதனை என்று அழைப்பது சோதனைக்கே இழுக்கு.

தாள்களுக்குள் வேறுபாடு சிறியதாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது அப்படிச் சிறியதல்ல. ஆர்ஷ் போன்ற தாள்களில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணம் சிறிது நேரம் மேலேயே நிற்கும். ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துத் திருத்தவும் முடியும். மரக்கூழில் செய்த மாணவர் தாள்கள் பலவற்றில் வண்ணம் சட்டென்று உள்ளே இறங்கிவிடும், அல்லது மேலே குட்டையாக நின்று வரி வரியாகக் காயும். ஒவ்வொரு தாளுக்கும் தனியாக ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் அந்தச் சில நொடிகளை அறிவதுதான் நீர்வண்ணத்தில் பாதி வித்தை. அந்தக் கணக்கு கையில் படிவதற்கு மாதங்கள் ஆகும். படிவதற்கு முன்பே தாளை மாற்றுகிறவர், தினமும் முதல் நாள் மாணவராகவே உட்காருகிறார். அவர் நூறு நாள் வரைந்தாலும் அது ஒரு நாளை நூறு முறை வாழ்ந்ததாகத்தான் ஆகும்.

நம் ஊரின் பருவநிலை இந்தக் குறையை இன்னும் பெரிதாக்குகிறது. தாள் விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளில் இருந்தோ ஏ.சி. ஓடும் ஸ்டுடியோக்களில் இருந்தோ வருகின்றன. கண்டாச்சிபுரத்துப் பாறைகளுக்கு எதிரே அக்னி நட்சத்திரத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாஷ் மேலிருந்து கீழே வந்து சேருவதற்குள் மேல்பாதி காய்ந்து, நடுவில் கோடு விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே தாள் மணிக்கணக்கில் நசநசவென்று கிடக்கும். இரண்டாம் பூச்சுக்குக் காத்திருந்து வெளிச்சமே போய்விடும். மார்கழிப் பனியில் இன்னொரு குணம். ஈரத்தில் நெடுநாள் கிடந்த தாளில் சைஸிங்கே கெட்டு, வண்ணம் தொட்டதும் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய விழுப்புரம் மாவட்டம் இது. இங்கே ஒரே கட்டுத் தாள் ஒரு வருடத்தில் மூன்று விதமான தாளாக நடந்துகொள்கிறது. சோதிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், வானமே மாதந்தோறும் புதிய தாளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு விலையும் இல்லை, கூரியர் செலவும் இல்லை.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. கரடான ரஃப் தாளில் தூரிகையை உலர்வாக இழுத்தால், கருங்கல்லின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும். பார்ப்பவர்கள் பாறை அப்படியே இருக்கிறது என்று பாராட்டுவார்கள். பாறையைக் கொண்டுவந்தது தாளின் மேடுபள்ளம். வரைந்தவர் அந்தப் பாறையின் எந்த முகம் வெயிலை வாங்குகிறது, எந்த முகம் தரையின் செம்மையைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்திருக்கவே மாட்டார். மறுநாள் வழுவழுப்பான ஹாட் பிரஸ் தாளில் பனைமரம். அங்கே வண்ணம் தானாக வழிந்து அழகாக விளிம்பு கட்டும், மறுபடி பாராட்டு. தாளின் குணத்தைத் தன் திறமை என்று நம்பத் தொடங்கிய பிறகு, கண்ணுக்கு வேலை குறைந்துபோகிறது. தாளை மாற்றும் வழக்கத்தில் நான் காணும் பெரிய தீங்கு இதுதான்.

தினம் ஒரு படம் என்ற விதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க ஓவியர் டுவேன் கைசர் 2004 டிசம்பரில், அஞ்சலட்டை அளவில் நாளுக்கு ஒரு படம் என்று தொடங்கியது பலருக்கும் முன்மாதிரி ஆயிற்று. அவர் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். எண்ணெயில் தவறினால் சுரண்டிவிட்டு அங்கேயே திருத்தலாம். 2009இல் ஜேக் பார்க்கர் தொடங்கிய இங்க்டோபர் என்ற அக்டோபர் மாதச் சவால், மையால் வரைவதற்கானது. நீர்வண்ணத்துக்கென்று ஜூலை மாதத்தை ஒதுக்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. எண்ணெய்க்கும் மைக்கும் ஏற்ற விதியை, காத்திருப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஊடகத்தின் மேல் அப்படியே ஏற்றிவிட்டோம். அன்றைய படம் அன்றே முடிய வேண்டும் என்ற அவசரத்தில் யாரும் கடினமானதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே வருகிற வானம், வருகிற மரம், வருகிற படகு. ஏரிகளில் தாமரையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள்கூடப் படகுதான் வரைகிறார்கள். தினமும் அதையே வரைவதன் சலிப்பை மறைக்கப் புதிய தாள் தேவைப்படுகிறது. இரண்டு வழக்கங்களும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுவே.

ஆங்கில நீர்வண்ண ஓவியர் டர்னரே பலவகைத் தாள்களில் வரைந்தாரே என்று கேட்பார்கள். வரைந்தார், வாட்மன் தாளிலும், நீலத் தாளிலும், சாம்பல் தாளிலும். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்வதில்லை. இளவயதில் அவர் தாமஸ் மால்டனிடம் கட்டடங்களை வரையக் கற்றார். 1790களில் டாக்டர் மன்றோவின் வீட்டில் மாலை மாலையாக உட்கார்ந்து, சக ஓவியர் கிர்ட்டின் கோடு போட்ட படங்களுக்கு வாஷ் போட்டுக் கொடுத்தார். கை நிலைத்த பிறகு, எந்தக் காட்சிக்கு எந்தத் தாள் என்று தெரிந்து எடுத்தார். தெரிந்து எடுப்பதும் தேடி அலைவதும் ஒன்றாகாது.

நம் பக்கத்துச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. கண்டாச்சிபுரத்துக்கு அதிகத் தொலைவில்லாத பனமலையில், ராஜசிம்ம பல்லவன் காலத்துத் தாளகிரீசுவரர் கோயில் சுவரில் குடைநிழலில் நிற்கும் தேவியின் ஓவியம் சிதைந்த நிலையிலும் மிஞ்சியிருக்கிறது. அதை வரைந்தவர்களுக்குக் கிடைத்த பரப்பு சுண்ணாம்புச் சாந்து. திருச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஓவியர்கள் அப்பிரகத் (மைக்கா) தகட்டின் மேல் வரைந்தார்கள். ஒரு சொட்டு நீரையும் உறிஞ்சாத, நீர்வண்ணக்காரன் பார்த்ததும் ஓடிப்போகக்கூடிய பரப்பு அது. அந்தப் பரப்பின் குணத்தைக் கையில் ஏற்றிக்கொண்டு, தொழிலாளர்களையும் ஊர்வலங்களையும் மயிரிழைக் கோட்டில் தீட்டினார்கள். அவர்களிடம் மாதிரித் தாள் கட்டு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. இல்லாததால் ஓவியம் செய்தார்கள்.

இதில் வியாபாரத்துக்குப் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். பத்துத் தாள்களில் பத்துத் துண்டு கொண்ட மாதிரிக் கட்டு, ஓவியம் கற்பிப்பதற்காக விற்கப்படுவதில்லை. பதினோராவது தாளை விற்பதற்காக விற்கப்படுகிறது. உறையைப் பிரித்துக் காட்டும் காணொளிகளில் ஓவியத்தைவிட உறைக்கே அதிக நேரம். வாங்குவதே பயிற்சி என்ற மயக்கம் பரவிவிட்டது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, ஆர்ஷ் வாங்க முடியாததால்தான் படம் வரவில்லை என்று நம்புமானால், அந்த நம்பிக்கையை விதைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

கண்டாச்சிபுரத்துப் பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கைக்கு எட்டுகிற ஒரே தாளைத் தேர்ந்துகொள். பாண்டிச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் கைக்காகிதம் செய்து வருகிறார்கள். அங்கு வாங்குவதானால், நீர்வண்ணத்துக்கேற்ற சைஸிங் உள்ளதா என்று கேட்டு வாங்கு. 22க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டிக்கொள். தினமும் தூரிகையைத் தொடு, ஆனால் தினமும் ஒரு படத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஒரே பாறையைச் சித்திரையிலும் கார்த்திகையிலும் தையிலும் வரை. ஒவ்வொன்றின் பின்னாலும் மாதம், நேரம், வெயிலா மழையா என்று பென்சிலால் குறித்து வை. தாளை மாற்றலாமா என்ற எண்ணம் வரும்போது, ஒரு வருடத்துப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார். அதன் பிறகும் குற்றம் தாளின் மேல்தான் என்று தோன்றினால், தாராளமாக மாற்றிக்கொள்.