பம்பில்லாத சிப், மேசை நிறையக் கருவி

மேற்பரப்பு ஒலியலையால் திரவத்தை நகர்த்தும் முறையைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது, பம்பு வேண்டாம், குழாய் வேண்டாம் என்பதுதான். அதில் பாதிதான் உண்மை.

லித்தியம் நியோபேட் படிகத்தின் மேல் சீப்புப் பற்களைப் போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மின்முனைகளுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுத்தால், படிகத்தின் மேற்பரப்பை ஒட்டி மட்டும் ஓர் அலை விநாடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் ஓடும். இயற்பியலாளர் ரேலே 1885இல் கணக்கிட்டுச் சொன்ன அலை அது. இத்தகைய மின்முனைகளை 1965இல் வைட், வோல்ட்மர் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். வழியில் நீர்த்துளி இருந்தால் அலை சுமார் 22 பாகைச் சாய்வில் அதற்குள் புகும். சக்தி குறைவென்றால் துளிக்குள் சுழற்சி. கூட்டினால் துளி முன்சாய்ந்து நகரும். மேலும் கூட்டினால் மூடுபனியாகச் சிதறும். நுண்வாய்க்கால்களில் இரண்டு திரவங்கள் கலக்காமல் அருகருகே ஓடும் தொல்லைக்கு இந்தச் சுழற்சி நல்ல மருந்து.

இதைத் திருவிடைமருதூரின் சாதாரண ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். சிப் விரலளவுதான். அதை இயக்கும் சிக்னல் ஜெனரேட்டரும் பெருக்கியும் மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். அலையின் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகிறது. சித்திரை வெயிலில் சில மைக்ரோலிட்டர் துளி சோதனை முடியும்வரை ஆவியாகாமல் இருந்தாலே பெரிது. திடீர்ச் சூட்டில் படிகமும் விரிசல் விடும். தண்ணீரில் அழகாக ஓடியது ரத்தத்தில் ஓடாது: புரதம் பரப்பில் படிந்தால் துளி ஒட்டிக்கொள்ளும்.

செல்போன் வடிகட்டிகளிலும் இதே அலைதானே, விலை இறங்கிவிடும் என்பார்கள். அந்த வாதம் செல்லாது. ஒரு தகட்டிலிருந்து வடிகட்டிகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். சென்டிமீட்டர் நீளத் திரவச் சிப்கள் சில பத்துகள்தான். ரத்தம் பட்ட சிப்பைத் தூக்கியெறியவும் வேண்டும். இதற்கு விடை தேடியவர்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர். 2012இல் படிகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே வேறொரு தகட்டை இருத்தி அலையை அதற்குள் ஏற்றினார்கள். ரத்தச் செல்களை உடைத்து மலேரியா ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைப் பெருக்கியும் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தந்த வேலை இதுதான். ஆனாலும் படிகத்துக்கும் மேல்தகட்டுக்கும் இடையில் அலையைக் கடத்தும் திரவப் படலம் சற்றுத் தடித்தாலும் கடக்கும் சக்தி மாறிவிடும். நம் நாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆஷிஸ் குமார் சென் குழு ஒலியால் ரத்த பிளாஸ்மாவைப் பிரித்து 2018இல் கட்டுரை வெளியிட்டது; அதுவோ மேற்பரப்பை மட்டுமல்லாமல் சாதனம் முழுவதையும் அதிரவைக்கும் முறை.

செல்களை நோகாமல் பிரிக்க, மருந்தை நுண்துளியாக்க, கொழகொழப்பான திரவங்களைக் கலக்க இம்முறைக்கு நிகர் குறைவு. டெங்குப் பரிசோதனை அட்டைக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கும் மாற்று என்று விற்பது மிகை. இனி எழுதுபவர்கள் சிப்பின் படத்தோடு அதை இயக்கிய பெருக்கியின் படத்தையும் விலையையும் சேர்த்தே அச்சிடட்டும்.