எலியாபின் உயரம்

ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசி ஏமாந்தது ஓர் அழகனைக் கண்டு. மூத்தவன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்ததுமே, அரசனாகக் கர்த்தர் தெரிந்துகொண்டவன் இவன்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அப்போதுதான் கர்த்தர் அவரைத் திருத்துகிறார்: நான் பார்ப்பது இருதயத்தை. இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும் போதகர்கள் பெரும்பாலும் ஆடு மேய்க்கப் போயிருந்த இளைய மகன் தாவீதிடம் விரைந்துவிடுகிறார்கள்; எளியவனை அற்பமாக எண்ணாதே என்கிறார்கள். நல்ல போதனைதான். ஆனால் அந்த வார்த்தை சொல்லப்பட்டபோது தாவீது இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எலியாபை வியந்து நின்றவருக்கு விழுந்த கடிவாளம் அது. ஒருவரைப் பற்றிச் சட்டென்று எழும் நல்லெண்ணத்தையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது வேதம். இந்தப் பாதியை நம் சபைகள் கைவிட்டுவிட்டன என்பதே என் குறை.

முதல் தோற்றத்தைத் தாண்டிப் பார்க்கும் வழக்கம் சபைக்குத் தந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டியவனுக்குக் காலடியும் கொடுத்த சபையை யாக்கோபு கண்டித்திருக்காவிட்டால், ஏழை தலைநிமிர்ந்து உட்கார ஓர் இடம் கிறிஸ்தவத்தில் உருவாகியிருக்காது. ஒரு முகத்தை நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே இவர் நம்பத்தக்கவரா என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது என்று 2006இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. அவ்வளவு வேகமான தீர்ப்பைத் தடுக்க ஒழுங்கான பயிற்சி வேண்டும். சபை அதைக் கொடுக்க முயன்றிருக்கிறது.

அந்தப் பயிற்சியின் சிறந்த மாதிரி பர்னபா. எருசலேமின் சீஷர்கள் சவுலைக் கண்டு பயந்தார்கள். அது வெறும் தப்பெண்ணம் அல்ல. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்கள் சவுலின் காலடியில்தான் கிடந்தன. வீடுவீடாய் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் சிறைக்கு இழுத்துப்போனவர் அவர். பயந்தவர்களைப் பர்னபா கடிந்துகொள்ளவில்லை. சவுலை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், அவர் வழியில் கர்த்தரைக் கண்டதையும் தமஸ்குவில் துணிந்து பிரசங்கித்ததையும் எடுத்துச் சொன்னார். சபை தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள அவர் காரணம் கொடுத்தார், தன் நற்பெயரையும் அதற்கு ஈடாக வைத்தார். இன்று நம்மிடம் வழங்குவது இந்த உழைப்பு நீங்கிய வடிவம். “நியாயந்தீர்க்காதிருங்கள்” என்று ஒரு வசனத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம்.

அதன் விலை என்னவென்று ரவி சக்கரியாஸின் கதை காட்டுகிறது. 1946இல் சென்னையில் பிறந்து, உலகெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடியவர் என்று புகழப்பட்டவர். அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2017இல் ஒரு பெண் அவர்மீது குற்றம் சாட்டியபோது அவரது ஊழிய நிறுவனம் அந்தப் பெண்ணை நம்பவில்லை. சக்கரியாஸ் அவர்மீதே வழக்கும் தொடுத்தார். 2020இல் சக்கரியாஸ் மறைந்த பிறகு, அந்த நிறுவனமே அமர்த்திய விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. பல பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்திருந்தது அதில் உறுதியானது. நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டது. புகார் சொன்னவரின் தோற்றத்தைத் தாண்டிப் பார்க்க அங்கே யாரும் முயலவில்லை. பிரசங்கியின் தோற்றத்தைத் தாண்டவும் முயலவில்லை. எலியாபின் உயரத்தில் மயங்கிய அதே கண்கள்தான்.

பழைய சபைக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. ஊர் ஊராய் வரும் அப்போஸ்தலரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ‘திதாக்கே’ என்ற தொடக்ககாலக் கையேடு, அவர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ கள்ளத் தீர்க்கதரிசி என்று கண்டுகொள்ளச் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்கப் பணிக்கிறது; மடத்தில் சேர விரும்புகிறவரையோ நான்கைந்து நாள் வாசலிலேயே காக்கவைக்கிறது. சோறு போடத் தயங்காதே, பொறுப்பைக் கொடுக்க அவசரப்படாதே என்ற இந்த வேறுபாடு எனக்கு மிகவும் விவேகமாகப் படுகிறது.

முதல் தோற்றத்தைத் தாண்டிப் பார்க்கும் வழக்கத்துக்கு நம் ஊரில் வேறொரு குறையும் உண்டு. இது இன்னும் ஆழமானது. முதல் தோற்றம் தனி மனிதனின் கண்ணில் பிறக்கிறது என்று பிரசங்கம் எண்ணுகிறது. இங்கே முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று கேட்ட நாத்தான்வேலும் இயேசுவை அதுவரை பார்த்ததில்லை. கலிலேயாவின் கானா ஊர்க்காரரான அவருக்கு ஊர்ப் பெயரே போதுமாயிருந்தது. பிலிப்பு வந்து பார் என்றார், அவர் போனார், பார்த்தார், மாறினார். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம், சாதிகள் தனித்தனியே அமர இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. நடுவே சுவர் நின்றது. உள்ளே இருந்தவர்களிடம் அயலானின் இருதயத்தைப் பார் என்று எத்தனை முறை சொன்னாலும் சுவருக்கு அப்பால் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? 1910இல் சுவரை இடித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் நடுவே சுவரோடு இரண்டாகவே கிடக்கிறது. இந்த நிலையில், அன்பான பார்வை வேண்டும் என்று விசுவாசிகளுக்குச் சொல்லும் ஆயரும் போதகரும் முதலில் இரண்டு காரியங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: தங்கள் ஆளுகைக்குள் இருக்கும் அந்தக் கல்லறைச் சுவரை எப்போது இடிக்கப்போகிறார்கள், தங்கள்மீதே ஒரு பெண் புகார் கொடுத்தால், தங்களுக்குக் கட்டுப்படாத யார் அதை விசாரிப்பார்கள்?