தேர்ந்தெடுக்காத வாசகம்

கத்தோலிக்கத் திருச்சபை திருப்பலிக்கென நாள்தோறும் வகுத்து வைத்திருக்கும் வாசகக் கிரமத்தைப் பக்திக்குரிய சாதனமாகப் போற்றுவோர் பலர். அதனை ஒரு கலைப்படைப்பாகவும் ரசிக்கலாம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். வேதாகமத்தின் பொக்கிஷங்களை விசுவாசிகளுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் பணித்ததன் பயனாக, 1969-ல் வெளிவந்த புதிய திட்டமானது, பொதுக்காலத்து வாரநாட்களில் மாற்கு, மத்தேயு, லூக்கா என்னும் மூவரையும் ஆண்டுதோறும் தொடர்ந்து வாசிக்கச் செய்து, முதல் வாசகத்தை மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கொன்றும் இரட்டைப்படை ஆண்டுக்கொன்றுமாக வகுத்தது.

இதன் சௌந்தரியம், அன்றைய பகுதியைச் சுவாமியாரும் தேர்வதில்லை, சபையும் தேர்வதில்லை என்பதில்தான் இருக்கிறது. திருமணத்திலும் மரணச் சடங்கிலும் நமக்கு இசைவானதை நாமே எடுத்துக்கொள்கிறோம். அங்கே வேதம் நம் மனநிலைக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது. வாரநாள் வாசகமோ நம்மைக் கேளாமலே வந்து நிற்கிறது.

அப்படி அது வந்து நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை, இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்நாளுக்கு உலகெங்கும் விதிக்கப்பட்டிருந்த முதல் வாசகம், சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத் தொடக்கம். தாய் தந்தையரைக் கனம்பண்ணுவோர் பூமியில் நீடித்து வாழ்வர் என்னும் வாக்கு, பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பெற்றோரை மண்ணுக்குக் கொடுத்து நின்ற அன்று, செவிகொடுக்கவே கடினமானது. அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியும், கங்காணியின் குரலுக்கும் துரையின் கட்டளைக்கும் தலைமுறைகளாய்ப் பழகிய மலையகச் செவிக்கு இனிதாயிருப்பதற்கில்லை. ஆயினும், அங்கே நிறுத்தாமல், பயமுறுத்துவதை விட்டுவிடுங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் பரலோகத்தில் ஆண்டவர் ஒருவரே, அவரிடம் பட்சபாதம் இல்லை என்று எசமானர்களை நோக்கித் திரும்பும் ஒன்பதாம் வசனம் வரையில் எல்லை வகுத்தவர்களின் நுட்பத்தை நான் எத்தனை வியந்தாலும் தகும். ஒரு வசனம் முன்னதாக வெட்டியிருந்தால் அது துரைமாரின் வேதமாகிவிட்டிருக்கும்.

நற்செய்தியோ லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரம்: இடுக்கமான வாசலும், நான்கு திக்கிலுமிருந்து வந்து பந்தியமர்வோரும், முந்தினோராகும் பிந்தினோரும். இதைத் தெய்வ சங்கேதமென்று சொல்ல நான் துணியேன். முப்பதாம் வாரப் புதனுக்கென்று முன்னமே விதிக்கப்பட்டது அது. ஆறுதலுக்காக எவரும் தேடி எடுத்ததன்று என்பதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை மிகுதி.

அவ்விரு வாசகங்களும் சேர்ந்து இரட்டைப்படை ஆண்டுகளில் திரும்புகின்றன. 2024-ல், துயரத்தின் பத்தாண்டு நிறைவுக்கு மறுநாளே வந்தன. பதுளை மறைமாவட்டத்துத் தோட்டக் கோவில்களில் வாசிக்க எழுந்து நிற்போரிடம் என் விண்ணப்பம் ஒன்றே: ஒன்பதாம் வசனத்தை அவசரப்படாமல், கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.