நாய்க்குப் பேர் இருக்கு, செதுக்கியவனுக்கு இல்லை

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். சுற்றுப்பட்டு ஊர்களின் நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமியின் பதிப்பில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. நம்ம ஆட்கள் அதைப் புரட்டுவது பெரும்பாலும் எழுத்துக்காகத்தான். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, வட்டெழுத்து எப்படி வளர்ந்தது. உருவத்தைப் பற்றிய பேச்சு 'வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான்' என்பதோடு முடிஞ்சுடும். எனக்கு அந்த உருவங்கள்தான் முக்கியம்.

எடுத்தனூர்க் கல்லையே எடுத்துக்குவோம். மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசரின் மருமகன் பொற்றொக்கையாரிடம் இருந்த கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்திருக்கிறான். கல் அவனுக்கு. ஆனா அதில் ஒரு நாயும் இருக்கு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று தனியாக ஒரு வாசகம்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கவனிங்க. 'காத்திருந்தது' இல்லை, 'காத்திருந்தவாறு'. காத்திருந்த விதம் இது, பார் என்கிறது. நாம இன்னைக்குப் புகைப்படத்துக்குக் கீழே எழுதுவோமே, அதே வேலை. கடித்ததை எழுத்து சொல்லிவிடுகிறது. கள்ளர்கள் கல்லில் இல்லை. நாய் சும்மா நிற்கிறது. சண்டை முடிந்து, எஜமான் விழுந்த பிறகும் நகராத அந்த நிலையைத்தான் செதுக்கியவன் தேர்ந்தெடுத்திருக்கிறான். பாய்கிற நாயைச் செதுக்கியிருந்தால் பார்க்கிறவனுக்கு வீரம் தெரிந்திருக்கும், துக்கம் தெரிந்திருக்காது.

இதை 'நாட்டார் கலை, கைத்திறன் போதாது' என்று ஒதுக்குபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆழமில்லாத புடைப்பு, அளவு பிசகிய கைகால், உண்மைதான். சிற்ப நூல் படித்த கை இல்லை. பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிய கை என்றுதான் நான் நினைக்கிறேன். செங்கம் கற்கள் பலவற்றில் காலடியில் கெண்டி, சிமிழ் என்று ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். வாய்பாட்டை மட்டும் அறிந்தவன் அதோடு நிறுத்தியிருப்பான். இவன் நாய்க்கும் இடம் ஒதுக்கினான்.

இப்படிச் செய்தவன் இவன் ஒருவன் மட்டுமில்லை. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கு. இந்தளூர்ச் சேவலின் பேர் பொற்கொற்றி. அரசலாபுரத்துச் சேவல் வெறும் கோடுதான், ஆனா துடிப்பு குறையவில்லை.

அதே மகேந்திரன் காலத்தில், இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் சீயமங்கலத்தில், பாறையைக் குடைந்து கோயில் எடுத்திருக்கிறார்கள். அதற்கு அரசனின் பட்டப்பேரால் அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பேர். மண்டகப்பட்டிலோ செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் தானே கோயில் எடுத்ததாக அரசன் வடமொழியில் பெருமை பேசுகிறான். உளி பிடித்தது யாரோ. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதிலும் சிற்பியின் பேருக்கென்று ஒரு படி கிடையாது. எடுத்தனூர்க்காரன் தன் பேரை எழுத இடமில்லாமலா விட்டான்? நாயின் பேருக்கு இடம் இருந்ததே! கல் செத்தவனுக்கானது, தனக்கு அதில் வேலையில்லை என்று நினைத்திருக்கலாம். அது அடக்கமா, ஊர் வைத்த கட்டுப்பாடா என்று கல்லைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பக்கத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய், மஞ்சள், பொங்கல். அதனால்தான் பல கற்கள் வரப்பிலும் தோப்பிலும் உடைபடாமல் பிழைத்தன. அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போங்க என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனா எனாமல் பெயின்ட் வேறு விஷயம். இந்தப் புடைப்பு ஏற்கனவே மெல்லிசு. இரண்டு பூச்சு விழுந்தால் எழுத்து முதலில் போகும், அப்புறம் நாயின் வால். எண்ணெய் ஊத்துற கையிடம் பெயின்ட் மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.